உத்யம் சான்றிதழ் இருக்கிறது, ஆர்டர் எங்கே? – அரசு டெண்டர் கேள்வி பதில்

மத்திய அரசு அலுவலகங்கள், ரயில்வே, பொதுத்துறை நிறுவனங்கள் போடும் டெண்டர்களில், உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) எடுத்த குறு, சிறு நிறுவனங்களுக்கு என்ன சலுகை, அது யாருக்குச் செல்லும் என்று ஏகப்பட்ட கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்திருக்கிறேன். டெண்டர் போடுகிறவர்கள் பெயர் அச்சில் வருவதை விரும்ப மாட்டார்கள் என்பதால் ஊர் மட்டும்.

சார், திருச்சி பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். உத்யம் பதிவில் குறு நிறுவனம். ஒரு பொதுத்துறை நிறுவன டெண்டரில் எல்1 (எல்லோரையும்விடக் குறைந்த விலை போட்டவர்) வந்தது பெரிய கம்பெனி, என் விலை அதைவிட 18 சதவீதம்தான் கூட. சிறு நிறுவனங்களுக்கு 25 சதவீதம் ஒதுக்கீடு என்கிறார்களே, எனக்கு ஒரு பீஸ்கூடத் தரவில்லை. கேஸ் போடலாமா? – துவாக்குடி வாசகர்

கேஸ் போட்டால் முதல் ஆர்டர் வக்கீலுக்குத்தான் கிடைக்கும். நீங்கள் சொல்லும் 25 சதவீதம் ஒவ்வொரு டெண்டரிலும் தனியாக எடுத்து வைக்கிற பங்கு இல்லை. 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டத்தின் 11-ஆவது பிரிவை வைத்து 2012-இல் ஒரு கொள்முதல் கொள்கை ஆணை போட்டார்கள். ஒவ்வொரு மத்திய அமைச்சகமும் துறையும் பொதுத்துறை நிறுவனமும் ஓராண்டில் வாங்குகிற சரக்கு, சேவை மொத்தத்தில் இத்தனை சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியாக வேண்டும் என்பது அதன் சாரம். முதலில் 20 சதவீதம், 2018 நவம்பரில் அதை 25 ஆக்கினார்கள். வருடக் கடைசியில் கூட்டிப் பார்க்கிற இலக்கு அது. உங்கள் டெண்டர் முழுக்கப் பெரிய கம்பெனிக்குப் போய், வேறு பத்து டெண்டர் சிறு நிறுவனங்களுக்குப் போயிருந்தால் அவர்கள் கணக்கு நேராகிவிடும், உங்களால் ஒன்றும் கேட்க முடியாது.

தனி டெண்டரில் வேலை செய்வது இன்னொரு விதி, உங்களுக்கு வேண்டியது அதுதான். எல்1 குறு, சிறு பிரிவில் வராத நிறுவனமாக இருக்க வேண்டும். உங்கள் விலை எல்1 விலையிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அப்படி இருந்தால், ‘எல்1 விலைக்கு இறங்கி வருகிறீர்களா’ என்று உங்களைக் கேட்பார்கள், சம்மதித்தால் மொத்த அளவில் 25 சதவீதம் உங்களுக்கு. பெரிய கம்பெனி 100 ரூபாய் என்றால் 115 வரை போட்டவர் உள்ளே. நீங்கள் 118 போட்டிருக்கிறீர்கள், மூன்று ரூபாயில் வெளியே. அதிகாரி செய்தது சரிதான்.

சரி, 114 போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த வரம்புக்குள் இன்னும் மூன்று சிறு நிறுவனங்கள் இருந்திருந்தால் 25 சதவீதத்தை நான்கு பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதுவும் 114-க்கு இல்லை, 100-க்கு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘பதினைந்து சதவீத இடம் இருக்கிறதே’ என்று விலையை ஏற்றி வைத்துவிட்டு, கடைசியில் கொஞ்சூண்டு அளவை அடிமாட்டு விலைக்குச் செய்து கொடுக்கிற நிலைக்கு வந்துவிடுவார்கள். அது மட்டுமா, எல்1 வந்தவரே இன்னொரு சிறு நிறுவனமாக இருந்தால் இந்த விதியே வராது, அவர் ஆர்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆகவே 15 சதவீதத்தை நம்பி விலை போடாதீர்கள். அடக்க விலையைக் கணக்குப் போடும்போதே, எல்1 விலைக்கு இறங்கச் சொன்னால் எதுவரை இறங்க முடியும் என்று ஒரு எண்ணைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கேட்கும்போது கை நடுங்காது.

இன்னும் இரண்டு விஷயம். எல்1 வந்தது நடுத்தர நிறுவனம் என்றால் அதுவும் உத்யம் சான்றிதழ் வைத்திருக்கும், ஆனால் இந்தக் கொள்கையில் ‘நடுத்தரம்’ சேராது, அதனால் உங்களுக்கு இறங்கி வரும் வாய்ப்பு உண்டு. அப்புறம், பிரிக்க முடியாத பொருள், ஒரே ஒரு மெஷின் மாதிரி, டெண்டரில் இருந்தால் விலைக்கு இறங்கி வரும் சிறு நிறுவனத்துக்கு முழுவதையுமே கொடுக்கலாம். அதை டெண்டர் ஆவணத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று விலை போடும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர், பிரிண்டர் விற்கிறேன். உத்யம் சான்றிதழில் சிறு நிறுவனம் என்று தெளிவாக இருக்கிறது. ஜெம் என்கிற அரசு கொள்முதல் தளத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் பிட்டில் (டெண்டரில்) இ.எம்.டி. (டெண்டர் போடக் கட்டும் டெபாசிட்) கட்டாமல் சான்றிதழை இணைத்தேன். டெக்னிக்கல் கட்டத்திலேயே தள்ளிவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா? – சென்னை வாசகர்

உங்கள் கோபம் புரிகிறது. இதே கேள்வியைக் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வேறு சிலர் கேட்டிருக்கிறார்கள். ஆனால் சான்றிதழில் ‘சிறு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில், முக்கியத் தொழில் எது என்று இன்னொரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். உங்களுடையதில் ‘வர்த்தகம்’ என்று இருக்கும்.

2021 ஜூலை 2-ஆம் தேதி எம்.எஸ்.எம்.இ. அமைச்சகம் போட்ட குறிப்பாணைதான் சில்லறை, மொத்த வியாபாரிகளையும் உத்யத்தில் பதிய அனுமதித்தது. அதே தாளிலேயே, இவர்களுக்குக் கிடைப்பது வங்கிகளின் முன்னுரிமைக் கடன் மட்டும் என்றும் எழுதிவிட்டார்கள். செய்தியைப் படித்தவர்கள் முதல் பாதியைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டார்கள். கொள்முதல் கொள்கை என்பது குறு, சிறு நிறுவனங்கள் தாங்களே தயாரிக்கும் பொருளுக்கும் தாங்களே செய்யும் சேவைக்கும் உரியது. வாங்கி விற்பவருக்கு இ.எம்.டி. விலக்கும் இல்லை, அந்த 15 சதவீத வாய்ப்பும் இல்லை. ஜெம் பிட் ஆவணங்களிலும் இதை வெளிப்படையாகவே எழுதுகிறார்கள்: சலுகை வேண்டுமென்றால், கொடுக்கப்போகும் அந்தப் பொருளுக்கு நீங்கள்தான் உற்பத்தியாளராக இருக்க வேண்டும். ‘அந்தப் பொருளுக்கு’ என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். மேஜை செய்கிற கம்பெனி பிரிண்டர் பிட்டில் கலந்துகொண்டு ‘நானும் உற்பத்தியாளர்தானே’ என்று சொல்ல முடியாது.

இதற்கு ஒரு குறுக்கு வழி ஊரில் சொல்லித் தருகிறார்கள், உத்யத்தில் உற்பத்தி என்று ஒரு தொழில் குறியீட்டைச் சேர்த்துக்கொள், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று. வந்து பார்ப்பார்கள். தோற்றுப்போன இன்னொரு டெண்டர்காரர் புகார் எழுதிப்போட்டால் போதும், உங்கள் ஜி.எஸ்.டி. கணக்கில் வாங்கியதும் விற்றதும் ஒரே பொருள் என்பது வெட்ட வெளிச்சமாகிவிடும். தவறான உறுதிமொழிக்கு, கொள்முதல் செய்கிற அலுவலகம் உங்களை இரண்டு ஆண்டுகள் வரை விலக்கி வைக்க நிதி விதிகளில் இடம் இருக்கிறது.

உங்களுக்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. பிரிண்டர் விற்பவர் பெரும்பாலும் சர்வீஸும் செய்வீர்கள். வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் என்பது சேவை. உங்கள் ஆட்களை வைத்து நீங்களே செய்கிற வேலை என்றால், உத்யத்தில் அந்தச் சேவைக்கான குறியீட்டையும் சேர்த்து, சேவை பிட்டுகளில் சலுகையோடு கலந்துகொள்ளுங்கள். பொருள் விற்கிற பிட்டுகளில் இ.எம்.டி. கட்டிவிட்டுப் போட்டியிடுங்கள். சாதாரணமாக மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம் வரை கேட்பார்கள், கிடைக்காவிட்டால் திரும்ப வரும் பணம்தான்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைக் கேட்டு நாலைந்து கடிதம் வந்திருக்கிறது. இ.எம்.டி. விலக்கு என்றால் ஆர்டர் கிடைத்த பிறகு கேட்கிற பெர்ஃபார்மன்ஸ் கியாரண்டிக்கும் (ஒப்பந்தப்படி முடித்துக் கொடுப்பதற்கான பிணைத்தொகை) விலக்கு என்று அர்த்தம் இல்லை. அதை எல்லோரும் கட்டித்தான் ஆக வேண்டும். உற்பத்தி செய்கிற சிறு நிறுவனத்துக்குக் கொள்கை தருவது டெண்டர் படிவம் இலவசம், இ.எம்.டி. விலக்கு, மேலே சொன்ன விலை வாய்ப்பு, இவ்வளவுதான். வங்கி உத்தரவாதத்துக்கு லிமிட் இல்லாமல் ஆர்டர் வாங்கிவிட்டு முழித்தவர்கள் நிறையப் பேர்.

திருப்பூரில் எனக்குப் பனியன் யூனிட் இருக்கிறது. பெண்களுக்கு 3 சதவீதம் தனியாக உண்டு என்று கேள்விப்பட்டு மனைவி பெயரில் ஒரு புதிய ஃபர்ம் ஆரம்பித்து அதற்கும் உத்யம் எடுத்துவிட்டேன். ஒரே டெண்டரில் இரண்டு பெயரிலும் போடலாமா? – பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்

(ஊரைக் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்களே சார்.)

போடாதீர்கள். உங்கள் மனைவி பெயரில் தனி பான், தனி ஜி.எஸ்.டி. இருந்தால் சட்டப்படி அது தனி நிறுவனம்தான், அவரே முழு உரிமையாளர் என்றால் பெண் தொழில்முனைவோர் என்ற பிரிவிலும் வரும். கூட்டு நிறுவனமோ பிரைவேட் லிமிடெட்டோ என்றால் பங்கில் 51 சதவீதமாவது பெண்களிடம் இருக்க வேண்டும். இதெல்லாம் சரி. ஆனால் ஒரே கட்டடம், ஒரே மெஷின், ஒரே கையெழுத்துக்காரர், ஒரே கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு பிட் என்றால் அது போட்டி இல்லை, டெண்டரில் கூட்டுச் சேர்ந்து விலை போடுவது. போட்டிச் சட்டத்தில் அது நேரடியாகத் தடை செய்யப்பட்ட விஷயம். பெரும்பாலான டெண்டர்களில் தொடர்புள்ள நிறுவனங்கள் தனித்தனியாகப் போடக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் இருக்கும்.

3 சதவீதத்தைப் பற்றியும் பெரிதாகக் கனவு காண வேண்டாம். அது அந்த 25-க்குள் அடங்கியது, அதுவும் ஆண்டு இலக்குதான். மனைவி உண்மையாகவே யூனிட்டை நடத்துகிறார் என்றால் அவர் தனியாகப் போடட்டும், நீங்கள் அந்த டெண்டரில் ஒதுங்கிக்கொள்ளுங்கள். அவர் பெயரில் செக் மட்டும் வருகிறது, வேலையெல்லாம் நீங்கள்தான் என்றால், எனக்குத் தெரிந்து அதற்கு நல்ல பெயர் எதுவும் இல்லை.

பம்ப் உதிரிபாகம் செய்கிறோம். மெஷின் முதலீடு கணக்கில் 8 கோடி. விற்பனை 112 கோடி, அதில் 20 கோடி ஏற்றுமதி. இப்போது நாங்கள் சிறு நிறுவனமா, நடுத்தரமா? ஆடிட்டர் ஒன்று சொல்கிறார், வங்கி மேலாளர் ஒன்று சொல்கிறார். – கோவை வாசகர்

நீங்கள் எழுதிய எண்கள் சரியென்றால், சிறு நிறுவனம்.

2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் மாறிவிட்டன. குறு நிறுவனத்துக்கு முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 10 கோடி. சிறு நிறுவனத்துக்கு 25 கோடி, 100 கோடி. நடுத்தரத்துக்கு 125 கோடி, 500 கோடி. அதற்கு முன், 2020 ஜூலையிலிருந்து, சிறு நிறுவனத்துக்கு 10 கோடி முதலீடும் 50 கோடி விற்றுமுதலும்தான் வரம்பு. ஆடிட்டர், மேலாளர் இருவரில் ஒருவர் பழைய எண்ணை மனதில் வைத்துப் பேசுகிறார் என்று நினைக்கிறேன். முதலீடு, விற்றுமுதல் இரண்டுமே வரம்புக்குள் இருக்க வேண்டும், ஏதாவது ஒன்று தாண்டினாலும் மேல் பிரிவுக்குப் போய்விடுவீர்கள். ஆனால் விற்றுமுதல் கணக்கில் ஏற்றுமதியைச் சேர்ப்பதில்லை. 112-இல் 20 போனால் 92, நூறுக்குள்.

முதலீடு என்பதும் நீங்கள் மெஷின் வாங்கிய விலை இல்லை. வருமான வரிக் கணக்கில் தேய்மானம் போக மீதி நிற்கும் மதிப்பு. நிலம், கட்டடம், மேஜை நாற்காலி எதுவும் அதில் வராது. மாசுக் கட்டுப்பாடு, ஆராய்ச்சி, பாதுகாப்புக் கருவிகளுக்குச் செய்த செலவும் வராது. ஒரே பானில் மூன்று ஊரில் மூன்று யூனிட் இருந்தால் மூன்றையும் கூட்டித்தான் பார்ப்பார்கள், யூனிட்டுக்கு ஒரு உத்யம் என்று எடுக்க முடியாது.

அடுத்த வருடம் 100-ஐத் தாண்டிவிடுவோமே என்று கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். தாண்டுங்கள். 2022 அக்டோபர் 18-ஆம் தேதி அறிவிப்பின்படி, மேல் பிரிவுக்குப் போனாலும் வரி சாராத சலுகைகள் மூன்று ஆண்டுகள் வரை தொடரும், அதில் கொள்முதல் கொள்கையும் அடக்கம். அதை விளம்பர வாசகமாக நினைக்காமல் அறிவிப்பு நகலையும், பிரிவு மாறிய தேதி தெரிகிற உத்யம் சான்றிதழையும் சேர்த்துப் பிட்டோடு இணையுங்கள், ஏனென்றால் உள்ளே உட்கார்ந்து ஆவணம் சரிபார்க்கிறவர் எல்லாவற்றையும் படித்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. சலுகை போய்விடும் என்று பயந்து விற்பனையை வேறு கம்பெனிக்கு மாற்றிக் காட்டுகிற வேலை கோவைப் பக்கம் நடக்கிறது என்று கேள்வி. நூறு கோடிக்கு விற்கிற ஆள் இ.எம்.டி. விலக்குக்காகக் கம்பெனியை உடைப்பது எனக்குப் புரியாத கணக்கு.

நான் பட்டியல் இனத்தவன். நண்பரோடு பாதிப் பாதி பங்கில் லேத் பட்டறை. எஸ்.சி., எஸ்.டி. பிரிவில் வருமா? – ராணிப்பேட்டை வாசகர்

பாதிப் பாதியில் வராது. கூட்டு நிறுவனத்தில் பட்டியல் இன, பழங்குடிப் பங்குதாரர்களிடம் 51 சதவீதமாவது இருக்க வேண்டும். தனி உரிமையாளர் என்றால் கேள்வியே இல்லை. உங்கள் இருவருக்கும் சம்மதம் என்றால் கூட்டு ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதி, வங்கி, ஜி.எஸ்.டி., உத்யம் எல்லாவற்றிலும் மாற்றம் செய்துவிட்டுப் பிறகு டெண்டர் போடுங்கள். வெறும் ஒரு சதவீதத்துக்காக நட்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் இந்தப் பிரிவுக்கான இலக்கு 4 சதவீதம், அதுவும் 25-க்குள். தகுதியான பட்டியல் இன நிறுவனம் டெண்டருக்கு வரவில்லை என்றாலோ, எல்1 விலைக்கு இறங்கவில்லை என்றாலோ அந்தப் பங்கை மற்ற சிறு நிறுவனங்களிடமே வாங்கிக்கொள்ளலாம் என்று ஆணையிலேயே இருக்கிறது. அதனால் பல இடங்களில் ‘யாரும் வரவில்லை’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். வரவில்லை என்று எழுத முடியாதபடி நீங்கள் வந்து நிற்பது நல்லதுதான். தேசிய சிறுதொழில் கழகம் வழியாக 2016-இலிருந்து நடக்கும் தேசிய எஸ்.சி.–எஸ்.டி. ஹப் இதற்கென்றே இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

கயிறு மெத்தை, மிதியடி செய்கிறோம். எங்கள் பொருளைச் சிறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார், உண்மையா? – பொள்ளாச்சி வாசகி

உண்மை. மத்திய அரசு 358 பொருட்களைக் குறு, சிறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது, கயிற்று மெத்தையும் பாய் வகைகளும் அதில் உண்டு. குடை, துடைப்பம், வாளி எல்லாம்கூட இருக்கின்றன. உங்கள் பொருளின் பெயர் பட்டியலில் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே உங்கள் பில்லிலும் கேட்லாகிலும் இருக்கட்டும் அம்மா, பெயர் வேறு மாதிரி இருந்தால் அதை வைத்தே இழுத்தடிப்பார்கள். ஒதுக்கீட்டுப் பொருளில் பெரிய கம்பெனி வராது என்பதால் 15 சதவீத விளையாட்டும் இல்லை. உங்களை மாதிரி பத்துப் பேரோடு நேருக்கு நேர் விலைப் போட்டி. அது சில சமயம் இன்னும் கடுமையாக இருக்கும்.

ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற யூனிட் ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. எல்லா டெண்டரிலும் மூன்று வருட அனுபவம் கேட்கிறார்கள். சிறு நிறுவனத்துக்கு அனுபவம் தேவையில்லை என்று யூடியூபில் ஒருவர் சொன்னாரே? – சேலம் வாசகர்

யூடியூபில் சொன்னது பாதி, தம்பி. குறு, சிறு நிறுவனங்களுக்கு முன் அனுபவம், விற்றுமுதல் இரண்டையும் தளர்த்தலாம் என்று 2016-இலேயே எம்.எஸ்.எம்.இ. அமைச்சகச் சுற்றறிக்கை வந்தது. தரமும் தொழில்நுட்ப விவரங்களும் சரியாக இருந்தால் ‘தளர்த்தலாம்’. தளர்த்தியே ஆக வேண்டும் என்று இல்லை. உயிர், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பொருள் என்றால் தளர்த்த மாட்டார்கள், அது நியாயமும்கூட.

ஜெம் பிட் ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே, அனுபவத்துக்கும் விற்றுமுதலுக்கும் எம்.எஸ்.இ. (குறு, சிறு நிறுவன) தளர்வு உண்டா என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் ஆம் அல்லது இல்லை. அதை முதலில் பார்த்துவிட்டு மற்ற நாற்பது பக்கத்தையும் படியுங்கள். ‘இல்லை’ என்றிருந்தால், கடைசித் தேதிக்கு முன்பே மரியாதையாக ஒரு கோரிக்கை அனுப்பலாம், சில சமயம் திருத்தம் போடுவார்கள். பிட் திறந்த பிறகு கேட்டால் ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள்.

ரயில்வேயில் கலந்துகொள்ளலாம் என்று நினைத்தால் இன்னொரு விஷயம். ஐ.சி.எஃப்., பொன்மலை பட்டறை போன்ற இடங்களின் டெண்டர்கள் ரயில்வேயின் சொந்தத் தளத்தில் வரும். பல உதிரிபாகங்களுக்கு, அங்கீகரிக்கப்பட்ட சப்ளையர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் மொத்த ஆர்டர் கிடைக்கும். குறு நிறுவனம் என்ற சான்றிதழ் அந்த அங்கீகாரத்துக்கு மாற்று ஆகாது. முதலில் சின்ன அளவில் சோதனை ஆர்டர் வாங்கிப் பெயர் சேர்க்கிற வழியைப் பாருங்கள், மாதக்கணக்கில் பிடிக்கும், ஆனால் ஒருமுறை உள்ளே போய்விட்டால் போட்டி குறைவு.

பாதுகாப்பு ஷூ சப்ளை செய்து ஏழு மாதம் ஆகிறது, பணம் வரவில்லை. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. – ஆம்பூர் வாசகர்

பயம் நியாயமானது, அப்படி ஒன்றும் நடக்காது என்று நான் சொல்லப்போவதில்லை. எம்.எஸ்.எம்.இ. சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும், பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது, ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. விகிதம் 6 என்று வைத்துக்கொண்டால் 18 சதவீதம். இந்தப் பாதுகாப்பும் குறு, சிறு நிறுவனத்துக்குத்தான், நடுத்தரத்துக்கு இல்லை.

தாமதமான பணத்துக்குப் புகார் வாங்குகிற மத்திய அரசுத் தளத்தில் விண்ணப்பித்தால் அது மாநிலத்தில் இந்தத் தகராறுகளைத் தீர்க்கிற வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஆனால் தீர்ப்பு உங்கள் பக்கம் வந்துவிட்டால், அதை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்புகிற வாங்கினவர் 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். சும்மா இழுத்தடிக்கிறவர்களை உட்காரவைத்துப் பேசவைப்பது இந்த விதிதான்.

முதல் படியாக நான் செய்யச் சொல்வது வேறு. 45 நாள் முடிந்த தேதி, சட்டப் பிரிவுகள் 15, 16, இன்றுவரை சேர்ந்த வட்டி, மூன்றையும் எழுதி அவர்களுடைய நிதிப் பிரிவுக்கு ஒரு கடிதம், பர்ச்சேஸ் பிரிவுக்கு நகல். கெஞ்சல் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். வட்டி என்று எழுத்தில் வந்துவிட்டால் ஆடிட்டில் யாராவது பதில் சொல்ல வேண்டும், ஃபைல் நகரும். வாங்கினது பொதுத்துறைக் கம்பெனி என்றால் இன்னொரு வழி, டிரெட்ஸ் தளம். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் எல்லாம் அதில் சேர வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. அவர்கள் உங்கள் பில்லை அதில் ஏற்றுக்கொண்டால் வங்கி உங்களுக்குக் கழிவு போகப் பணம் கொடுத்துவிடும். ஏற்றுக்கொள்ளவைப்பதுதான் பாடு.

2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியில் வந்த புது விதியைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள், நேரத்துக்குப் பணம் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த வருடத்தில் கழிக்க முடியாது என்று. அது தனியார் கம்பெனிகளையும் பொதுத்துறைக் கம்பெனிகளையும் கடிக்கும். அரசுத் துறை வருமான வரி கட்டுவதில்லை, அதனால் அங்கே இந்த ஆயுதம் எடுபடாது.

அப்புறம் ஒன்று, ஆர்டர் வாங்கிய பிறகு ஓடிப்போய் உத்யம் எடுத்தவர்கள் சிலர் எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்தம் போட்ட பிறகு பதிந்துவிட்டு, பழைய சப்ளைக்கு எம்.எஸ்.எம்.இ. சட்டத்தின் பலனைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொல்லிவிட்டது. அதன்பிறகு 2025 ஜனவரியில் அந்த நிலைப்பாட்டைப் பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சண்டை நமக்கு எதற்கு, கொட்டேஷன் கொடுக்கும் முன்பே பதிந்துவிடுங்கள்.

சிவில் காண்ட்ராக்டர் நான். கட்டட வேலை டெண்டரில் இ.எம்.டி. விலக்கு உண்டா? – திருநெல்வேலி வாசகர்

ஒப்பந்த வேலைகளுக்கு, அதாவது ரோடு, கட்டடம் போன்றவற்றுக்கு, இந்தக் கொள்கை பொருந்தாது என்பதுதான் துறைகள் எடுத்திருக்கும் நிலை. டெண்டரில் ‘பணிகள்’ என்று இருந்தால் இ.எம்.டி. கட்டிவிடுங்கள்.

நகராட்சிக்குக் குப்பைத் தொட்டி சப்ளை செய்ய டெண்டர் போட்டேன். மத்திய அரசு ஆணையைக் காட்டினேன், ‘அது எங்களுக்கு இல்லை’ என்கிறார்கள். – கரூர் வாசகர்

அவர்கள் சொல்வது சரி. 2012 ஆணை மத்திய அமைச்சகங்களையும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களையும்தான் கட்டும். நகராட்சி, மின்வாரியம், மாநிலத் துறைகள் எல்லாம் 1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், அதன் 2000-ஆம் ஆண்டு விதிகள், மாநில அரசாணைகள் இவற்றின்படி நடக்கின்றன. தமிழ்நாட்டு உற்பத்தியாளர்களுக்கு அங்கே தனியாக இருக்கும் சலுகைகளுக்கு உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேளுங்கள், உட்காரவைத்துச் சொல்வார்கள். மத்திய ஆணையின் ஜெராக்ஸை மாநில அலுவலக மேஜையில் வைத்தால் சண்டைதான் மிஞ்சும்.

உத்யம் எடுத்துத் தர ஏஜென்ட் 3,000 ரூபாய் கேட்கிறார், புதுப்பிக்க வருடம் 1,000 என்கிறார். கொடுக்கலாமா? – தர்மபுரி வாசகி

ஒரு ரூபாய்கூட வேண்டாம். பதிவு இலவசம், ஆதாரும் பானும் கைபேசியும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம், ஜி.எஸ்.டி. வரம்புக்குள் வருகிறவர்கள் அந்த எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள். வருடா வருடம் புதுப்பிப்பது என்ற ஒன்றே கிடையாது. இணையத்தில் தேடினால் மேலே வருகிற பல தளங்கள் அரசு முத்திரை மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு காசு கேட்பவை, முகவரி அரசின் ‘gov.in’ என்பதில் முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.